பெங்களூரு – மதுரை: விமானத்தில் போனால் உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்?

மாசிவீதி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூரின் தெற்கு ஓரத்தில், எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஹெப்பகோடியில் குடியிருக்கிறேன். அம்மா மதுரையில், மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இங்கே வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். மீனாட்சி கோயிலையும் அக்கம்பக்கத்து மனிதர்களையும் விட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. அதனால் நான்தான் போய்வருகிறேன், பெரும்பாலும் இரவு பஸ்ஸில்.

"ஒரு மணி நேரத்தில் மதுரை, விமானத்தில் போயேன்" என்று அண்ணன் சொல்கிறார். தூரத்தைத் தேடிப் பார்த்தேன். ஆகாய வழியில் 343 கிலோமீட்டர், சாலை வழியில் சுமார் 435, பறக்கும் நேரம் அரை மணி என்று வருகிறது. டிக்கெட்டில் பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம். எதை நம்புவது?

எனக்கு இரண்டு கேள்விகள். மாதாமாதம் போய்வர எது தோது? ராத்திரியில் அம்மாவுக்கு ஏதோ என்று போன் வந்தால் எதில் சீக்கிரம் போய்ச் சேரலாம்? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குத் தெளிவான பதில் வேண்டும்.

ஓடுபாதை:

நல்ல கேள்வி. முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடலாம்.

343 என்பது பெங்களூரு நகர நடுவிலிருந்து மதுரை நகர நடுவுக்கு ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். விமானம் மெஜஸ்டிக்கிலிருந்து கிளம்புவதில்லை. கெம்பேகௌடா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி தேவனஹள்ளியில் இருக்கிறது. மதுரை விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டி. அதாவது இரண்டு பக்கமும் நிலையங்கள் வெளிப்புறமாக விலகி நிற்கின்றன. நிலையத்திலிருந்து நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் 375 கிலோமீட்டர் வாக்கில் வரும். பறக்கும் தூரமே முப்பது கிலோமீட்டர் கூடிவிட்டது.

அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். தேவனஹள்ளியில் தொடங்கி அத்திப்பள்ளிக்கு மேலேயே வருகிறது. அப்புறம் ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் போய், மேட்டூருக்கு அருகே கடந்து, திண்டுக்கல்லை ஒட்டி மதுரை. ஹெப்பகோடியிலிருந்து அத்திப்பள்ளி எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும். தெற்கே போக வேண்டிய நீங்கள் 55 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகிறீர்கள். அங்கே விமானம் ஏறி மறுபடி உங்கள் வட்டாரத்துக்கு மேலேயே பறந்து தெற்கே போகிறீர்கள்.

அடுத்தது அந்த அரை மணிக் கணக்கு. தூரத்தை ஜெட் விமானத்தின் உச்ச வேகத்தால் வகுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் இவ்வளவு சின்னத் தூரத்தில் விமானம் அந்த வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். ஏடிஆர் போன்ற விசிறி விமானம் என்றால் வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் சுமார். டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, ஓடுபாதைக்குப் போய், வரிசையில் நின்று, பறந்து, இறங்கி, மறுபடி நிறுத்துமிடத்தில் நிற்கும்வரை. தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. ஒன்றேகால் மணி என்பதை நம்பலாம். அரை மணியை மறந்துவிடுங்கள்.

சில்க்போர்டு:

ஓடுபாதை சொன்னதற்கு மேல் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட வேண்டும். நானும் பொம்மசந்திரா பக்கம்தான். ஹெப்பகோடிக்கு என் கணக்கு இது.

வீட்டிலிருந்து விமான நிலையம்: விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி. காலை எட்டரைக்கோ மாலை ஐந்தரைக்கோ கிளம்பினால் இரண்டரை மணி வரை இழுக்கும். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம், ஹெப்பாள் என்று வெளிவட்டச் சாலையின் ஒவ்வொரு முடிச்சும் நம் வழியில் இருக்கிறது. ஹென்னூர், பாகலூர் வழியாகப் போனால் ஹெப்பாளைத் தவிர்க்கலாம். ஆனால் அதுவும் இப்போது முன்போல் காலியாக இல்லை.

உள்ளே போய்ப் பெட்டி போட, சோதனை முடிக்க, விமானம் ஏறும் வாசலுக்கு நடக்க: ஒன்றரை மணி. கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் இதைக் குறைக்க முடியாது.

விமானம் ஒன்றேகால். மதுரையில் இறங்கி வெளியே வர இருபது நிமிடம். அது சின்ன நிலையம், அந்த வகையில் நிம்மதி. அங்கிருந்து மேலமாசி வீதி அரை மணி.

எல்லாம் சேர்த்தால் ஐந்து மணியிலிருந்து ஆறு மணி. காரில் உங்கள் வீட்டிலிருந்து 415 கிலோமீட்டர்தான், ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே ஊரின் தெற்கு விளிம்பில் இருக்கிறீர்கள். சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம். ஆக, விமானம் மிச்சப்படுத்துவது ஒன்றிலிருந்து இரண்டு மணி. மாலை நெரிசலில் மாட்டினால் ஒரு மணிகூட மிஞ்சாது.

கெம்பாபுரா:

சில்க்போர்டு சார் சொல்வது தெற்கு பெங்களூருக்குச் சரி. நான் வடக்கே ஹெப்பாள் பக்கம் இருக்கிறேன், எங்கள் கணக்கே வேறு. விமான நிலையத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். வீட்டை விட்டுக் கிளம்பி நாலரை மணி நேரத்தில் மதுரை வீட்டில் இருப்பேன். காரில் என்றால் ஊரைக் குறுக்கே கடந்து எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடவே ஒன்றரை மணி போய்விடும், அதற்குப் பிறகுதான் மதுரை ரோடே தொடங்குகிறது. மொத்தம் ஒன்பது மணி நேரம். எங்களுக்கு விமானம் பாதிக்குப் பாதி மிச்சம்.

ஆகவே "பெங்களூரிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வடக்கே எலஹங்காவா, தெற்கே பொம்மனஹள்ளியா என்று முதலில் சொல்ல வேண்டும்.

வத்தலக்குண்டு:

அதேபோல மதுரைப் பக்கமும் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கு விமானத்தில் போனால் மதுரைக்குப் போய் வடக்கே திரும்பி வர வேண்டும். காரில் என்றால் திண்டுக்கல்லிலேயே பிரிந்துவிடலாம். திண்டுக்கல், நிலக்கோட்டை, கொடைரோடு ஆட்கள் யாரும் விமானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நாலுவழி:

சாலை பற்றி நான் சொல்கிறேன். இந்த வழியில் பல வருடங்களாக வண்டி ஓட்டுகிறேன்.

நேர்கோட்டைவிடச் சாலை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் மலையும் காடும். ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகள், அதற்கு அப்பால் காவிரிப் பள்ளத்தாக்கு. நேராக நெடுஞ்சாலை போட முடியாது. அதனால் சாலை கிழக்கே கிருஷ்ணகிரி வரை வளைந்துபோய், அங்கே சென்னை சாலையைப் பிரித்துவிட்டு, தர்மபுரி வழியாகத் தெற்கே திரும்புகிறது. அந்த வளைவைக் குறைக்க ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரி பக்கம் போகிற சாலை உண்டு. பகலில் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். இரவில் எனக்குப் பெரிய சாலைதான் பிடிக்கும்.

ஓசூர் முதல் மதுரை வரை ஒரே எண், தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்களுக்கு அது எண் 7. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் சாலையின் கீழ்ப்பகுதி இது. உத்தேசமாகத் தூரம் சொல்கிறேன்: பெங்களூரு – ஓசூர் 40, ஓசூர் – கிருஷ்ணகிரி 50, அங்கிருந்து தர்மபுரி 45, சேலம் 65, நாமக்கல் 55, கரூர் 45, திண்டுக்கல் 75, மதுரை 65.

தூரத்தைவிட எந்த இடத்தில் நேரம் போகிறது என்பதுதான் முக்கியம். பெங்களூரு – ஓசூர் நாற்பது கிலோமீட்டர் சில நாள் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். கரூர் – திண்டுக்கல் எழுபத்தைந்து கிலோமீட்டர் ஒரு மணிக்குள் முடியும். வெள்ளிக்கிழமை மாலை அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் அந்தப் பயணத்தின் அலுப்பில் பாதி வந்துவிடும். ஓசூரில் சிப்காட் லாரிகளும் ஊர் வண்டிகளும் ஒன்றாகச் சேரும். அதைத் தாண்டினால் சாலை திறந்துவிடும்.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது, மதுரை 130 மீட்டர் அளவில். அந்த உயரத்தை வண்டி எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே மேலுமலை இறக்கம் ஒன்று. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய் இன்னொன்று. தொப்பூரைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தகும். சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில்தான் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. பாரம் ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். முன்னால் நெரிசலில் நிற்கும் கார்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. அங்கே போகும்போது லாரிக்கு முன்னாலோ இரண்டு லாரிகளுக்கு நடுவிலோ போகாதீர்கள். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பத்து நிமிடம் கூடுதலானால் ஆகட்டும்.

அப்புறம் அரவக்குறிச்சி, வேடசந்தூர் பக்கம். சாலை நேராக, அகலமாக, காலியாக இருக்கும். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் கண் செருகுவது அங்கேதான். தூக்கம் வந்தால் கரூர் பைபாஸிலேயே நிறுத்தி அரை மணி தூங்கிவிட்டுப் போங்கள். நான் புதிதாக ஓட்ட வருகிறவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் கெஞ்சியே சொல்வேன்.

பயணி_பொம்மசந்திரா:

டோல் எத்தனை அண்ணே?

நாலுவழி:

அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூருக்கு முன்னால் பாளையம், ஓமலூர், ராசாம்பாளையம், வேலஞ்செட்டியூர், கொடைரோடு. இதற்கு மேல் நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலக் கட்டணம். சொந்தக் கார் என்றால் ஃபாஸ்டாக் வருடாந்திரப் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. 2025 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 தடவை கடப்பது, எது முதலில் முடிகிறதோ அதுவரை. மாதம் ஒருமுறை போய்வருகிறவர்களுக்கு நல்ல மிச்சம். வாடகை வண்டிக்கு இது கிடையாது.

மாசிவீதி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அத்திப்பள்ளிக்கு மேல் வரும் அந்தக் கோட்டினை நானும் வரைந்து பார்த்தேன் ஓடுபாதை சார், அப்படியே இருக்கிறது.

மாதாந்திரப் பயணத்துக்கு எனக்குத் தெளிவு வந்துவிட்டது. ராத்திரி போன் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை. கார் இருக்கிறது. ஆனால் அந்த மனநிலையில் நான் ஓட்டக்கூடாது என்று எனக்கே தெரியும்.

அல்சூர்வாசி:

மா, அதற்கு நான் பதில் சொல்கிறேன். என் பெற்றோர் இருந்தவரை நானும் திருமங்கலத்துக்கு இதே கவலையோடு ஓடியவன்தான்.

பயண நேரம் ஒன்று, காத்திருக்கும் நேரம் ஒன்று. அவசரத்தில் இரண்டாவதுதான் பெரிது. மதுரைக்கு ஒரு நாளில் சில விமானங்கள்தான். கடைசி விமானம் போய்விட்டால் மறுநாள் காலைவரை வானவழி அடைபட்டதுபோலத்தான். கார் எந்த நிமிடமும் கிளம்பும்.

ராத்திரி பத்து மணிக்குப் போன் வருகிறது என்று வைத்துக்கொள். பதினொன்றுக்குள் ஹெப்பகோடியிலிருந்து கார் கிளம்பினால் சாலை காலி, ஆறரை மணி நேரத்தில், அதாவது ஐந்தரை வாக்கில் அம்மா வீட்டு வாசலில் இருப்பாய். காலை ஏழு மணி வாக்கில் விமானம் இருந்து, அதில் இடமும் கிடைத்தால், வீட்டுக்கு வர ஒன்பது ஆகும். கார்தான்.

அதே போன் விடியற்காலை நாலு மணிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அந்த நேரத்தில் விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணியில் போய்விடலாம். அதே ஏழு மணி விமானத்தைப் பிடித்தால் ஒன்பது மணிக்கு மதுரை. கார் பதினொன்றுக்குத்தான் சேரும். ஆனால் டிக்கெட் உறுதியான பிறகுதான் வடக்கே திரும்ப வேண்டும். தேவனஹள்ளி போய் இடம் இல்லை என்று தெரிந்தால் மூன்று மணி நேரம் வீண். டிசம்பர், ஜனவரி காலைகளில் அங்கே மூடுபனி உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்.

மதியம் இரண்டு மணிக்கு வந்தால்? உன் இடத்திலிருந்து என்றால் கார். மாலை விமானத்தைப் பிடிக்க மாலை நெரிசலில் ஊரைக் கடக்க வேண்டியிருக்கும்.

காரை நீ ஓட்டாதே என்பது முற்றிலும் சரி. ஆக்டிங் டிரைவர் இரண்டு பேரின் எண்ணை இப்போதே வாங்கி, பகலில் ஒருமுறை அழைத்துப் பேசி வைத்துக்கொள். "ராத்திரி எந்த நேரமும் மதுரைக்கு வருவீர்களா" என்று நேராகக் கேட்டுவிடு. வருகிற ஆள் ஹெப்பகோடி, சந்தாபுரா பக்கத்து ஆளாக இருக்கட்டும். மல்லேஸ்வரத்திலிருந்து ஆள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டுப் பர்மிட் கையில் இருக்கிறதா என்று கேள். இல்லாவிட்டால் எல்லையில் நிற்க வேண்டிவரும். வண்டியில் டீசலோ பெட்ரோலோ எப்போதும் பாதிக்குக் கீழே போகவிடாதே.

மல்லிகை_நர்ஸ்:

அக்கா, அல்சூர் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ், சொந்த ஊர் மேலூர். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூளையில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் தசை போகிறது. இங்கே எல்லாரும் போட்ட கணக்கில் மிகக் குறைந்தது என்ன? ஹெப்பாளிலிருந்து விமானத்தில் நாலரை மணி. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து மணிக்குக் குறையாது. ஆக, நீங்கள் எந்த வழியில் பறந்து வந்தாலும் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு போகப்போவது நீங்கள் இல்லை. அந்த ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. 108-ஐ யார் அழைப்பது, சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது என்றால் எந்த முனைக்கு வரச் சொல்வது. அம்மா சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு விவரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது, உங்கள் எண், அண்ணன் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வாய் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனை மேலமாசி வீதியிலிருந்து தூரம் இல்லை. தனியார் மருத்துவமனை என்றாலும் ராத்திரியில் ஸ்கேன் எடுப்பார்களா என்று இப்போதே நேரில் போய்க் கேளுங்கள்.

இது எல்லாம் இருந்தால், நீங்கள் காரில் ஆறரை மணி நேரம் வருவது அம்மா பக்கத்தில் இருப்பதற்காக மட்டும். டிரைவரை விரட்டத் தேவையில்லை. தொப்பூரிலும் நிதானமாக வரலாம்.

நாலுவழி:

மல்லிகை தங்கச்சி சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. அவசரம் என்று வேகமாக ஓட்டி, நூறில் போக வேண்டிய இடத்தில் நூற்றிருபது போனால், இந்தத் தூரத்தில் மிச்சமாவது அரை மணி, முக்கால் மணிதான். நடுவில் டோல், லாரி, ஓசூர் எல்லாம் அதையும் தின்றுவிடும்.

மாசிவீதி:

மல்லிகை, இதை நான் யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டு அத்தை முப்பது வருடப் பழக்கம். அவர் மகன் டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருக்கிறார். நாளையே இருவரிடமும் பேசுகிறேன்.

அம்மாவை ஒரு பதினைந்து நாள் இங்கே அழைத்து வர வேண்டுமானால் விமானமா, காரா? முழங்கால் வலி உண்டு.

மல்லிகை_நர்ஸ்:

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏழு மணி நேரம் மடக்கி உட்காருவது கஷ்டம், கால் வீங்கும். காரில் முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, ஒன்றரை மணிக்கு ஒருமுறை இறக்கி நாலடி நடக்க வைத்தால் சமாளிக்கலாம். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அதை விடாதீர்கள்.

விமானம் என்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். படியேற முடியாது என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். சின்ன விமானங்களுக்குப் படிக்கட்டுதான் இருக்கும், சாய்தளமோ தூக்கும் கருவியோ அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்திருந்தால் சோதனையில் கருவி ஒலிக்கும், மருத்துவச் சீட்டை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம்:

அம்மாவுக்கு ரயில்தான் நல்லது, இதை யாரும் சொல்லவில்லையே! மதுரை – பெங்களூரு கண்டோன்மென்ட் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிறது. அதிகாலையில் மதுரையில் ஏறினால் மதியம் இங்கே. எட்டு மணி நேரம் சுமார், திருச்சி சுற்றி வருவதால் அவ்வளவு ஆகிறது. செவ்வாய்க்கிழமை கிடையாது. எழுந்து நடக்கலாம், கழிப்பறை பக்கத்தில். கண்டோன்மென்ட் வரை வராமல் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறக்கிவிட்டால் ஹெப்பகோடிக்குக் கொஞ்சம் பக்கம்.

சில்க்போர்டு:

எங்கள் பக்கத்துக்கு விடிவு எப்போது என்று ஒரு வார்த்தை. மஞ்சள் வழி மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, ஹெப்பகோடியிலேயே நிலையம் இருக்கிறது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம், ஹெப்பாள் வழியாக விமான நிலையம் போகும் நீல வழி முழுவதும் முடிந்தால் சில்க் போர்டில் மாறிப் போய்விடலாம். நெரிசல் எவ்வளவு இருந்தாலும் ஒரே நேரம். அன்றைக்குத்தான் தெற்கு பெங்களூரில் இருக்கிறவர்கள் விமானத்தை நம்பிக் கணக்குப் போட முடியும்.

அல்சூர்வாசி:

2008 மே மாதம் வரை எங்களுக்கு எச்.ஏ.எல். விமான நிலையம் இருந்தது. அல்சூரிலிருந்து ஆட்டோவிலேயே போய்விடுவோம். தேவனஹள்ளி திறந்த அன்றோடு அங்கே பயணிகள் விமானம் நின்றது. இடம் போதவில்லை என்பது உண்மைதான், நகரம் பெருத்துவிட்டது. ஆனால் அந்த மாற்றத்தில் தென்மாவட்டத்துக்குப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்குப் பாதை நீண்டது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பயணி_பொம்மசந்திரா:

ஓசூரில் விமான நிலையம் வருகிறது என்றார்களே?

ஓடுபாதை:

2024 ஜூனில் தமிழ்நாடு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவு. நம் பக்கத்துக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் தேவனஹள்ளி நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், திறந்ததிலிருந்து 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் புதிய விமான நிலையம் கூடாது என்ற விதி இருக்கிறது. மைசூருக்கும் ஹாசனுக்கும்தான் விலக்கு. அது 2033 வரை போகிறது. அதனால் இப்போதைய திட்டத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மாசிவீதி:

சரி, என் முடிவை எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும். மாதாமாதம் வெள்ளி இரவு பஸ்ஸே தொடரட்டும். தூங்கிக்கொண்டே போகிறேன், பொம்மசந்திராவிலேயே ஏறுகிறேன், பகல் நேரம் எதுவும் வீணாவதில்லை. அவசரத்துக்கு இரண்டு ஆக்டிங் டிரைவர் எண்களை வாங்கிவிட்டேன், ஒருவர் சந்தாபுராக்காரர். அம்மாவை ரயிலில் அழைத்து வருகிறேன்.

ஒரே ஒரு குறை. பஸ் மாட்டுத்தாவணியில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வர அரை மணிக்கு மேல் ஆகிறது.

வத்தலக்குண்டு:

அக்கா, மாட்டுத்தாவணி வரை ஏன் போகிறீர்கள்? திண்டுக்கல் பக்கமிருந்து வரும் பஸ் நிறைய பாத்திமா காலேஜிலோ ஆரப்பாளையத்திலோ நிறுத்துவார்கள். டிக்கெட் எடுக்கும்போது இறங்குமிடம் பார்த்து எடுங்கள், கிளீனரிடம் வாடிப்பட்டியிலேயே சொல்லி வையுங்கள். ஆரப்பாளையத்திலிருந்து மேலமாசி வீதிக்கு விடியற்காலையில் ஆட்டோவில் பத்து நிமிடம்.